காவல்காரரின் குடிசையைத் துளைத்த கல்

கேட்கப்பட்ட கேள்வி இது: வானத்திலிருந்து கல் விழுவதைக் கண்ணால் பார்த்ததாகச் சாதாரண மக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தும், படித்த அறிவியலாளர்கள் 1800 வரைக்கும் அதை ஏன் நம்பவில்லை? பிறகு எது அவர்களை நம்பவைத்தது?

பதிலை ஒரு குடிசையிலிருந்து தொடங்குகிறேன். 1798 டிசம்பர் 19 அன்று, இரவு எட்டு மணி வாக்கில், காசியிலிருந்து சுமார் 14 மைல் தொலைவில், கோமதி ஆற்றின் வடகரையில் உள்ள கிராக்குட் என்ற கிராமத்தின் மேல் பெரிய நெருப்புக் கோளம் ஒன்று பாய்ந்து சென்றது. ஊரெல்லாம் நிலவு காய்ந்ததுபோல் வெளிச்சம். அடுத்து இடி முழக்கம். அதையடுத்து, கனமான பொருள்கள் தரையில் தொப்தொப்பென்று விழும் ஓசை. விடிந்ததும் பார்த்தால் வயல்களில் அங்கங்கே மண் புரண்டு கிடந்தது. கிளறிப் பார்த்தவர்களுக்கு ஆறு அங்குல ஆழத்தில் கற்கள் கிடைத்தன. அங்கே குடியிருந்த ஓர் ஆங்கிலேயரின் வீட்டில் இரவுக் காவலுக்கு இருந்தவர், தன் பங்குக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். அது அவருடைய குடிசையின் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கி, கெட்டித்த மண்தரையில் சில அங்குலம் புதைந்திருந்தது. உடைவதற்கு முன் அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ.

வானத்தில் எட்டு நாளாக மேகமே இல்லை. மின்னல் அடித்தது என்று சொல்ல வழியில்லை. பக்கத்தில் எரிமலையும் கிடையாது. இந்த விவரங்களையெல்லாம் ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்பவர் எழுதி, லண்டனில் இருந்த அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்ஸுக்கு அனுப்பினார். கற்களும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. கேள்விக்கான விடையில் பாதி அந்தக் கற்களில்தான் இருந்தது. அங்கே போவதற்கு முன், நம்பாதவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை 'அறிவாளிகளின் ஆணவம்' என்ற மலிவான கதையாகிவிடும்.

கல் விழுந்த செய்தி அப்போது புதிதல்ல. 1492 நவம்பர் 7 அன்று, இன்றைக்குப் பிரான்சில் இருக்கும் அல்சாஸ் பகுதியில், என்சிஷைம் என்ற ஊருக்கு வெளியே கோதுமை வயலில் 127 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தவன் ஒரு சிறுவன். சில நாட்களில் அவ்வழியாக வந்த அரசர் மாக்சிமிலியன், அதைத் தேவாலயத்தில் பாதுகாப்பாக வைக்கும்படி உத்தரவிட்டார். அந்தக் கல்லில் மிஞ்சிய பகுதியை அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் அந்தக் காலத்தவர்களுக்கு அது தெய்வம் காட்டிய குறி. குறி என்று வைத்துவிட்டால், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.

படித்தவர்களிடம் வேறு சிக்கல் இருந்தது. நிலவுக்கு மேலே உள்ள வானம் மாறாதது, குறையில்லாதது என்றும், எரிநட்சத்திரங்கள் காற்று மண்டலத்துக்குள்ளேயே எரியும் ஆவிகள் என்றும் அரிஸ்டாட்டில் சொல்லிவைத்தார். அதனால்தான் மழை, காற்று பற்றிய படிப்புக்கு ஐரோப்பிய மொழிகளில் மீட்டியராலஜி என்ற பெயர்; எரிநட்சத்திரத்துக்கும் மீட்டியர் என்றுதான் பெயர். எரிநட்சத்திரமும் ஆலங்கட்டியும் அவர்களுக்கு ஒரே குடும்பம். அரிஸ்டாட்டிலை நியூட்டன் வீழ்த்திய பிறகாவது வழி திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கோள்கள் தடையில்லாமல் காலகாலத்துக்கும் சுற்றிவர வேண்டுமானால் வான்வெளி வெறுமையாக இருக்க வேண்டும் என்று நியூட்டன் வாதிட்டிருந்தார். வெறுமையான இடத்திலிருந்து கல் எப்படி வரும்? பழைய கொள்கையும் கதவை அடைத்தது, புதிய கொள்கையும் அதே கதவை அடைத்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பழைய நூல்களில் கல்மழை தனியாக வருவதில்லை. இரத்த மழை, பால் மழை, இறைச்சி மழை என்று ஒரு வரிசையில்தான் வரும். ஐரோப்பியக் கிராமங்களில் 'இடிக்கல்' என்று போற்றி வைத்திருந்த வழவழப்பான கற்கள் பலவும் உண்மையில் ஆதி மனிதர்கள் செதுக்கிய கோடரிகள் என்பதை அந்துவான் த ஜூஸ்யூ 1723-இல் எடுத்துக்காட்டியிருந்தார். அது சரியான கண்டுபிடிப்பு. அந்தச் சரியான கண்டுபிடிப்பே அடுத்த 80 ஆண்டுகளுக்குத் தடையாகவும் நின்றது. 'இடியோடு கல் விழுந்தது' என்று யாராவது வந்து சொன்னால், 'அந்தக் கதையைத்தான் தீர்த்துவிட்டோமே' என்று சொல்லத் தோன்றும் அல்லவா?

இந்தப் பின்னணியில்தான் லூசே கல் பாரிஸுக்கு வந்தது. 1768 செப்டம்பர் 13, மாலை நேரம். பிரான்சில் லூசே என்ற ஊரில் வயல் வேலையில் இருந்தவர்கள், இடி போன்ற ஒலியையும் சீறல் ஒலியையும் கேட்டு நிமிர்ந்தார்கள். வளைந்து இறங்கிய ஒரு பொருள் சாலையோரப் புல்தரையில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பாதி புதைந்த கல். தொட முடியாத சூடு. பாஷலே என்ற பாதிரியார் அதில் ஒரு துண்டை அறிவியல் அகாதமிக்கு அனுப்பினார். ஆராய்ந்த மூவரில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வேதியியலாளர் லவாய்சியேவும் ஒருவர்; அப்போது இளைஞர். கல்லைப் பொடித்துப் பகுத்தார்கள். நூற்றுக்கு எட்டரைப் பங்கு கந்தகம், 36 பங்கு இரும்பு, மீதி உருகிக் கண்ணாடியாகும் மண் என்று கணக்கு வந்தது. 1772-இல் முடிவு சொன்னார்கள்: வானத்திலிருந்து விழுந்த கல் அல்ல, இரும்புக் கந்தகம் கலந்த சாதாரண மணற்பாறை, மண்ணுக்குள் இருந்ததை மின்னல் தாக்கி வெளிக்காட்டியிருக்கிறது.

'வானத்தில் கல் இல்லை, ஆகவே வானத்திலிருந்து கல் விழ முடியாது' என்று லவாய்சியே சொன்னதாக ஒரு மேற்கோள் சுற்றுகிறது. அறிக்கையில் அப்படியொரு வாக்கியம் கிடையாது. அவர்கள் கல்லைக் கையில் எடுத்துச் சோதித்துத்தான் பேசினார்கள். பிழை சோதனையின் முறையில் இருந்தது. கல்லை முழுசாகச் சேர்த்து அரைத்துவிட்டார்கள். அம்மியில் மிளகாயும் மல்லியும் சீரகமும் ஒன்றாக அரைபட்ட பிறகு, எது எதன் வாசனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கல்லின் இரகசியம் அதற்குள் தனித்தனியாகப் பதிந்திருந்த சின்னஞ்சிறு இரும்புத் துணுக்குகளில் இருந்தது. அரைத்தபோது அது போயிற்று. இரண்டாவது பிழை, விழுந்ததைப் பார்த்த உழவர்களின் பேச்சை அவர்கள் எடைபோடவே இல்லை. என் மனம் ஆறாதது இந்த இரண்டாவது பிழைக்குத்தான்.

அந்த அலட்சியம் தொடர்ந்தது. 1790 ஜூலை 24 இரவு, தென்மேற்குப் பிரான்சில் பார்போத்தான் பகுதியில் கல்மழை பெய்தது. ஊர்த் தலைவரும் அதிகாரிகளும் முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் சாட்சியத்தோடு முறையான பத்திரம் தயாரித்து அனுப்பினார்கள். பெர்த்தொலோன் என்ற அறிஞர், நாட்டுப்புறக் கட்டுக்கதைக்கு ஒரு நகராட்சியே கையெழுத்துப் போடுகிறதே என்று தன் இதழில் வருந்தி எழுதினார். முந்நூறு பேர்! கொலை வழக்கில் இதில் நூற்றில் ஒரு பங்கு சாட்சி போதும்.

வழக்கு என்று சொன்னேன். இதைத் திருப்பிப்போட்டவரும் சட்டம் படித்தவர்தான். எர்ன்ஸ்ட் கிளாட்னி, 1756-இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் பிறந்தவர். தந்தையின் விருப்பத்துக்காகச் சட்டம் படித்துவிட்டு ஒலியியலுக்குப் போனார். உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லால் இழுத்தால் மணல் கோலம்போல் வரிசை கட்டுமே, அந்தக் கோலங்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1793-இல் கோட்டிங்கனில் லிக்டன்பெர்க் என்ற இயற்பியலாளரோடு நடந்த உரையாடல், நெருப்புக் கோளங்கள் பக்கம் அவரைத் திருப்பியது. அங்கே நூலகத்தில் உட்கார்ந்து, பல நாடுகளின், பல நூற்றாண்டுகளின் பதிவுகளை மூன்று வாரம் புரட்டினார்.

கிளாட்னி கல் விழுவதைப் பார்த்தவர் அல்லர். ஆய்வகத்தில் கல்லைப் பகுத்தவரும் அல்லர். சாட்சியங்களை வழக்கறிஞர் படிப்பதுபோல் படித்தார். ஒருவரையொருவர் அறியாத, ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாத மக்கள், எல்லாரும் ஒரே வரிசையில் சொல்கிறார்கள்: முதலில் நெருப்புக் கோளம், பிறகு வெடிச்சத்தம், பிறகு கல், அந்தக் கல்லுக்குக் கறுப்புத் தோல். பேசிவைத்துக்கொள்ள வாய்ப்பே இல்லாதவர்கள் ஒன்றுபோல் சொன்னால், நடந்ததைத்தான் சொல்கிறார்கள். பல ஊர்களிலிருந்து பார்த்த திசைகளை வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் கோளங்களின் உயரமும் வேகமும் பூமியில் உள்ள எதற்கும் பொருந்தவில்லை. சைபீரியாவில் கிராஸ்னயார்ஸ்க் அருகே மலைமேல் கிடந்த, சுமார் 700 கிலோ எடையுள்ள ஓர் இரும்புப் பாளத்தைப் பாலஸ் என்ற பயணி 1772-இல் பார்த்து எழுதியிருந்தார். கடற்பஞ்சு போன்ற இரும்பு. அதன் துளைகளில் மஞ்சள் நிறக் கண்ணாடி மணிகள் போன்ற கனிமம். உலைக்களம் எதுவும் பக்கத்தில் இல்லை. அங்கிருந்த தாதார் மக்கள் அதை வானிலிருந்து விழுந்த புனிதப் பொருள் என்றார்கள். கிளாட்னி மூன்றையும் இணைத்தார்: நெருப்புக் கோளம், விழுந்த கல், கேட்பாரற்றுக் கிடக்கும் இரும்பு மூன்றும் ஒன்றே, எல்லாம் பூமிக்கு வெளியே இருந்து வருகின்றன. 1794-இல் இதை 63 பக்கச் சிறு நூலாக வெளியிட்டார்.

ஏளனம்தான் கிடைத்தது. பேச்சைத் தொடங்கிவைத்த லிக்டன்பெர்க்குக்கே அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் நேரம் கிளாட்னியின் பக்கம் இருந்தது. நூல் வந்த சில வாரங்களில், ஜூன் 16 அன்று, இத்தாலியில் சியன்னா நகருக்கு அருகே கற்கள் விழுந்தன. விழுவதற்குச் சுமார் 18 மணி நேரம் முன்பு வெசூவியஸ் எரிமலை வெடித்திருந்ததால், பலர் எரிமலைமேல் பழியைப் போட்டார்கள். எரிமலை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. 1795 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயரில், வோல்ட் காட்டேஜ் என்ற பண்ணையில், வேலையாள் ஒருவருக்குச் சில அடி தள்ளி 25 கிலோ கல் இறங்கி, அவர்மேல் சேற்றை வாரி இறைத்தது. யார்க்ஷயரில் எரிமலை ஏது? மூன்று ஆண்டுகளில் காசிக் கற்கள்.

இப்போது ஜோசப் பேங்ஸ் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களின் கற்கள். அவற்றை எட்வர்ட் ஹோவர்ட் என்ற இளம் வேதியியலாளரிடம் கொடுத்தார். ஹோவர்டுக்கு உதவியவர் பூர்னோன் பிரபு. பிரெஞ்சுப் புரட்சியில் நாட்டைவிட்டு வந்த கனிமவியலாளர். லவாய்சியேவின் குழு செய்யாததைப் பூர்னோன் செய்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கல்லை நான்காகப் பிரித்தார்: உருண்டை உருண்டையான மணிகள், கந்தகம் சேர்ந்த இரும்புத் தாது, தூய இரும்புத் துணுக்குகள், இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் சாம்பல் நிற மண். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற பொறுமை வேண்டிய வேலை.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று. கல்லூரி நிலவியல் ஆய்வகம் ஒன்றில் இத்தகைய கல்லின் அறுத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெளிப்புறத்தில் முட்டையோட்டின் கனம்கூட இல்லாத கறுப்புத் தோல். காற்றைக் கிழித்துப் பாய்ந்த சூட்டில் மேற்பரப்பு மட்டும் உருகி உறைந்ததால் வந்தது. உள்ளே வெளிர் சாம்பல். சாய்த்துப் பிடித்தால் இரும்புத் துணுக்குகள் மீன்செதிள்போல் பளிச்சிட்டன. நடுவில் கடுகளவு உருண்டைகள். பூமியில் உள்ள எந்தப் பாறையிலும் அந்த உருண்டைகளை நான் கண்டதில்லை, பூர்னோனும் கண்டதில்லை. வியந்து எழுதிவைத்தார். இன்று அவற்றுக்குக் காண்ட்ரூல் என்று பெயர்.

ஹோவர்ட் நான்கு பகுதிகளையும் தனித்தனியாகப் பகுத்தார். காசிக் கல், யார்க்ஷயர்க் கல், சியன்னாக் கல், பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) 1753-இல் விழுந்த கல், நான்கிலும் இரும்புத் துணுக்குகளுக்குள் நிக்கல் இருந்தது. சைபீரிய இரும்பிலும் இருந்தது. பூமியின் பாறைகளில் உலோக இரும்பே அபூர்வம். அதில் இப்படி நிக்கல் கலந்து கிடைப்பது அதனினும் அபூர்வம். காசி எங்கே, யார்க்ஷயர் எங்கே? நான்கு நாடுகளின் கற்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருந்தன, விழுந்த ஊரின் பாறைகளோடு எந்தச் சாயலும் இல்லாமல். 1802-இல் ராயல் சொசைட்டியில் இது வாசிக்கப்பட்டது. பாரிஸில் வோக்லன், பெர்லினில் கிளாப்ரோத் ஆகியோரின் சோதனைகளிலும் அதே முடிவு வந்தது. இதுவரை மனிதர்கள் மட்டும் சொல்லிவந்த சாட்சியத்தை இப்போது கல்லே சொல்லத் தொடங்கியது.

இருந்தும் பிரான்சில் பலர் தயங்கினார்கள். 1803 ஏப்ரல் 26, பகல் ஒரு மணி வாக்கில், நார்மண்டியில் லேக்ல் என்ற ஊரைச் சுற்றி ஏறத்தாழ 3000 கற்கள் விழுந்தன. உள்துறை அமைச்சராக இருந்த வேதியியலாளர் ஷப்தால், ழான் பத்தீஸ்த் பியோ என்ற இயற்பியலாளரை விசாரிக்க அனுப்பினார். பியோவுக்கு அப்போது 29 வயது.

பியோ செய்ததை மெதுவாகப் படிக்க வேண்டும். அவர் நேராகக் கல் விழுந்த ஊருக்குப் போகவில்லை. பல காதம் தள்ளியிருந்த அலான்சோனிலிருந்து தொடங்கி, வழியெல்லாம் வண்டிக்காரர்களையும் பயணிகளையும் விசாரித்துக்கொண்டே போனார்: அன்றைக்கு என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு? தொலைவில் இருப்பவர்களுக்குக் கல் விழுந்த செய்தியோடு தொடர்பில்லை; ஆனாலும் அதே நாள், அதே நேரத்தில் நெருப்புக் கோளத்தையும் வெடியோசையையும் சொன்னார்கள். பிறகு ஊர் ஊராக நடந்தார். பாதிரியார், உழவர், பெண்கள், சிறுவர், பழைய படைவீரர் என்று வேறுவேறு நிலையில் உள்ளவர்களைத் தனித்தனியே கேட்டார். அந்த வட்டாரத்து உலைக்களங்களின் கசடையும் சுரங்கங்களின் பாறையையும் பார்த்தார். ஒன்றுகூட இந்தக் கல்லைப் போல் இல்லை. ஏப்ரல் 26-க்கு முன் இப்படிப்பட்ட கல்லை அந்த ஊரில் யாரும் கண்டதும் இல்லை. கற்கள் கிடந்த இடங்களைக் குறித்தபோது, சுமார் பத்துக் கிலோமீட்டர் நீளமும் நான்கு கிலோமீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டம் வந்தது; பெரிய கற்கள் ஒரு முனையில், சிறியவை மறுமுனையில். சாய்வாகப் பாய்ந்துவந்த ஒரு பொருள் உயரத்தில் சிதறினால் தரையில் விழும் வடிவம் அது. மின்னலால் அப்படி வரைய முடியாது.

ஜூலை மாதத்தில் பியோ தன் அறிக்கையை வாசித்தார். கற்கள் விழுவது உண்மையா என்ற விவாதம் கற்றவர்களிடையே அதோடு ஏறத்தாழ முடிந்தது. சோதனைச்சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்க மறுத்த உழவர்களை, ஓர் இளைஞர் அவர்கள் வாசலுக்கே போய்க் கேட்டார், வேறுபாடு அவ்வளவுதான்.

விழுகிறது என்பது முடிவானதும், எங்கிருந்து என்ற சண்டை தொடங்கியது. நிலவின் எரிமலைகள் கக்கியவை என்று கணிதத்திலும் வானியலிலும் பேர்பெற்ற லாப்லாஸ் போன்ற பெரியவரே கருதினார். அது கேட்க வினோதமாக இருந்தாலும், நிலவின் ஈர்ப்பு குறைவு என்பதால் கணக்குக்கு ஒத்துவந்தது. இதற்கிடையே 1801 ஜனவரி 1 அன்று சீரிஸ், அடுத்த ஆண்டில் பாலஸ் என்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சிறு கோள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. வான்வெளி வெறுமையானது அல்ல என்பது கண்ணுக்கே தெரிந்தது. நிலவுக் கொள்கை மெல்ல மறைந்தது. கடைசி முடிச்சு 1959 ஏப்ரல் 7 அன்று அவிழ்ந்தது: செக்கோஸ்லோவாக்கியாவில் பிரீபிராம் அருகே விழுந்த கல்லின் பாதையை வேறுவேறு இடத்துக் கேமராக்கள் படம்பிடித்தன, பின்னோக்கிக் கணக்கிட்டபோது அது சிறுகோள் பட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் பக்கத்தில் ஒன்று. 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. பர்னல்லி என்ற பெயரில் உலகப் பட்டியலில் இருக்கிறது, மொத்தம் சுமார் 77 கிலோ. அதைப் பார்த்த யாருடைய பேச்சையும் கட்டுக்கதை என்று ஐரோப்பிய அறிஞர்கள் அப்போது தள்ளவில்லை. ஐம்பது ஆண்டுகளில் உலகம் அவ்வளவு மாறியிருந்தது.

நம்புவது எளிதான பிறகு எதிர்ப்பக்கத் தவறும் வரத் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் என்று மாநில அரசே அறிவித்தது. நாசாவின் அறிவியலாளர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, தரையில் நடந்த வெடிப்பைப்போல் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பியோதான் நினைவுக்கு வந்தார். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் என்ன பார்த்தார்? நெருப்புக் கோளம் உண்டா? கல்லுக்குக் கறுப்புத் தோல் உண்டா? இரும்பில் நிக்கல் உண்டா? கேள்விகள் 1803-இல் இருந்தவைதான்.

ஆகவே உங்கள் வயலிலோ மொட்டை மாடியிலோ இப்படி ஒரு கல் கிடைத்தால், உடைக்காதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பெரும்பாலான விண்கற்கள் இழுக்கும், ஆனால் பூமியின் சில பாறைகளும் உலைக்கசடும் இழுக்கும் என்பதால் அதோடு முடிவுகட்ட வேண்டாம். கிடந்த இடத்தையும் நேரத்தையும் குழியின் ஆழத்தையும் எழுதிவையுங்கள், படம் எடுங்கள். சுத்தமான உறையில் போட்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். அன்றே பக்கத்து ஊர்களுக்குப் போய், கல் கிடைத்ததைச் சொல்லாமல், வானத்தில் என்ன கண்டீர்கள், எந்தத் திசையில் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர்களையும் இரவுக் காவலுக்கு இருப்பவர்களையும் முதலில் கேளுங்கள்; அந்த நேரத்தில் வானத்தின் கீழ் விழித்திருப்பவர்கள் அவர்கள்தான்.